ஓஸ்வால்தோ எப்படி வீடு திரும்பினான்

இருபதாம் ஆண்டாம்.
மறுபடி ஓட்டினார்கள் அந்தப் படத்தை.
ஜூலைக் குளிரில் வரிசை முனை திரும்பி
மருந்துக்கடை வாசல்வரை வந்துவிட்டது.
நான் வேலை பார்க்கும் கடைதான்.
இருமல் மருந்துக்கு வந்தவர்கள்
காதலர்களை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"ஏழாம் மாடி வரை."
இதைப் பார்க்காதவர்கள் மான்டிவிடியோவில்
இன்னும் பிறக்கவில்லை என்பாள் நெலிடா.
நாயகிக்கு அரை நொடி முன்பே
வசனத்தைச் சொல்லிவிடுவாள்.
மாத்தே குவளையை என் பக்கம் நீட்டியபடி
விளக்கு அணையும் முன்பே அழத் தொடங்கினாள்.

எனக்கு அந்தப் படத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது.

நாயகி விட்டுப்போகிறாளே, ஓஸ்வால்தோ,
அவன் செய்த குற்றம்தான் என்ன?
உணவகத்தில், இதில் நிலக்கடலை இருக்கிறதா என்கிறான்.
ரசீதுகளை மாதவாரியாக அடுக்குகிறான்.
கழுத்துத்துணியை மூன்று சுற்றுச் சுற்றுகிறான்.
அரங்கம் சிரிக்கிறது.
இருபது வருடமாக அதே இடத்தில் சிரிக்கிறது.
நாயகனோ
வாடகை தருவதில்லை,
சொன்ன நேரத்துக்கு வருவதில்லை,
அவள் தங்கையின் பெயரையே தப்பாகச் சொல்கிறான்.
ஆனால் அவனுக்குக் கன்னத்தில் குழி விழுகிறது.
ஒரு குழியை அடமானமாக வாங்கிக்கொண்டு
இத்தனை கடன் கொடுக்கும் வங்கி
சினிமா ஒன்றுதான்.

பிறகு அந்த மழை.
கடலாக நடிக்கும் எங்கள் ஆற்றின் ஓரம்
ராம்ப்லாவில் அவள் ஓடுகிறாள்.
ஓஸ்வால்தோ குடையை விரித்தபடி நிற்கிறான்.
கேமராவும் அவளோடு ஓடிவிடுகிறது.

அவன் எந்தப் பேருந்தில் ஏறினான்?
மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம்
திரும்பக் கிடைத்ததா?
அவன் அம்மாவிடம் முதல் வாக்கியமாக
என்ன சொன்னான்?
நூற்றுப்பத்து நிமிடப் படத்தில்
அவனுக்கென்று ஒரு நிமிடம் இல்லை.

ஆனாலும்
அந்தக் குளிர்சாதனப் பெட்டி.
அதை மறைத்துவிட்டுப் பேசினால்
நான் பொய்சாட்சி.

மின்தூக்கி பழுது.
இருவரும் பெட்டியைப் படியேற்றுகிறார்கள்.
நான்காம் மாடியில் மூச்சுத் திணறி
அதைச் சுவரில் சாய்த்து
ஆளுக்கொரு பக்கம் உட்கார்கிறார்கள்.
முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.
அவள் அப்பாவின் கடனைப் பற்றி,
அவன் கடைவாய்ப் பல்லைப் பற்றி.
இசை இல்லை.
காதல் என்ற சொல்லும் இல்லை.
யாரோ ஒருவர் முட்டைக்கோஸ் பையோடு
வழி கேட்டுத் தாண்டிப்போகிறார்.
ஏழாம் மாடிக்குப் போனபிறகுதான் தெரிகிறது
அதன் கதவு தவறான பக்கம் திறக்குமென்று.

அந்த எட்டு நிமிடத்துக்கு
எந்த மகுடத்தையும் வைக்கலாம்.
ஊர் வைத்தது மழையின் தலையில்.

"சொல்லு, நல்ல படமா இல்லையா?"
பேருந்து நிறுத்தத்தில் நெலிடா,
மூக்கைத் துடைத்துக்கொண்டு.
"எட்டு நிமிடம் நல்ல படம்."
"உனக்குள் இதயம் இருக்கவேண்டிய இடத்தில்
மருந்துச்சீட்டு இருக்கிறது" என்றாள்.
அடுத்த சனிக்கிழமைக்கும் சேர்த்து
எனக்கும் ஒரு சீட்டு எடுத்து வைத்திருந்தாள்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை.

முப்பத்தொரு வயதில் நானும் ஓடியிருக்கிறேன்,
மழையில், இதே ராம்ப்லாவில்,
ரசீது அடுக்கும் ஒருவனை நிற்கவைத்துவிட்டு.
யாரும் கைதட்டவில்லை.
ஒரு டாக்சி சேற்றை வாரி அடித்தது.
ஓடிப்போய்ச் சேர்ந்தவனுக்குக் குழி விழும்.
இரண்டு குளிர்காலம் விழுந்தது.

படத்துக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்,
குடையை நான் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது,
ஒரு கம்பி வளைந்து.
கைப்பிடியின் உட்புறம்
பொடி எழுத்தில், நீர் புகாத நாடா ஒட்டி,
அவன் பெயர், தெரு, கதவு எண்.
கீழே ஒரு வரி:
தொலைந்து கிடைத்தால்
தயவுசெய்து திருப்பித் தரவும்.