சீண்டல்

அட்டவணையில் நாற்பத்தோராவது வரி.
பெயர்: சீண்டல்.
பலன்: சுற்றி நிற்கும் ஆறு எதிரிகளும்
எட்டு விநாடி கேடயக்காரியை மட்டுமே தாக்குவர்.
மீள்நேரம்: நாற்பது விநாடி.
விளக்கம் என்ற கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.
அதை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம்.

பம்பலப்பிட்டியில், ஆறாம் மாடியில்,
ஏசி பழுதான அறையில் ஹஷேனிடம் கேட்டேன்:
அவள் என்னதான் சொல்லுறாள்?
எலும்புக்கூட்டுக்குக் காதில்லை.
சேற்றுப் பூதத்துக்குத் தாயில்லை, தாயை இழுத்துத் திட்ட.
ஓநாய்க்கு எந்த மொழியில் ரோசம் வரும்?
'மந்திரம் எண்டு போடுங்களேன்' என்றான்
கொத்துரொட்டிப் பொதியைப் பிரித்தபடி.

போடலாம்.
ஆனால் தீயுருண்டைக்கே மூன்று நாள் யோசித்தவள் நான்:
எறிகிறவன் தன் உடற்சூட்டில் கடன் வாங்குகிறான்,
அதனால்தான் சித்திரை வெயிலிலும் கம்பளி போர்த்தியிருக்கிறான்.

ஐந்தரை மணி, நூற்றியோராம் இலக்க பஸ்.
மிதிபலகை வரை ஆட்கள்.
வெள்ளைச் சீருடைப் பிள்ளை ஒன்றின் பின்னால்
ஒருவன் நெருங்கி நெருங்கி நின்றான்.
பிள்ளை புத்தகப்பையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டது.
நான் கண்டேன்.
கண்டுவிட்டு யன்னலுக்கு வெளியே
சேலைக்கடைப் பலகைகளை வாசித்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல்.
'இதுரு சல்லி கோ?'
மூன்றாம் சீற்றுக்காரி, மருந்துக்கடை உடுப்பு,
எழும்பி நின்று கொண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.
மிச்சக்காசு இருபது ரூபாய்க்கு
சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி,
அவன் பரம்பரையே கள்ளப் பரம்பரை என்றாள்.
பஸ் முழுதும் திரும்பியது.
அவனும் திரும்பினான், கை தன்பாட்டில் கீழே விழுந்தது.
எட்டு விநாடி இருக்கும்.
பிள்ளை நழுவி முன்பக்கம் போய்
சாரதிக்குப் பின்னால் நின்றுகொண்டது.

கொண்டக்டர் சபித்தபடி இன்னொரு இருபதை நீட்டினான்.
அவள் இடக்கைப் பொத்தலுக்குள்
முதல் இருபது கசங்கிக் கிடந்ததை நான் மட்டும் கண்டேன்.

உட்கார்ந்தாள். விரல்கள் நடுங்கின.
எண்ணத் தொடங்கினேன்.
சவோய், வெள்ளவத்தைச் சந்தை, பாலம்,
தெஹிவளையில் அவள் இறங்கும்போதும் நடுக்கம் நிற்கவில்லை.
இறங்கும்போது இரண்டாவது இருபதைக்
கொண்டக்டரின் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனாள்.

இரவு அந்தக் கட்டத்தில் எழுதினேன்:
'எதிரியிடம் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை.'
மீள்நேரம் நாற்பதை அழித்து
நானூறு என்று போட்டேன்.

ஹஷேன் உடனே கேட்டான்:
ஆட்டம் குழம்புமே, ஆர் இதைப் பாவிப்பினம்?

அதைத்தான் நானும்
யன்னலோரம் நின்றவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.