பதினான்காம் மணி

மண்டப வாசல் ஃபிளெக்ஸில்
நுண்ணுயிருக்கு மூன்று சுழி இல்லை, இரண்டுதான்.
யாரும் சொல்லவில்லை.
அச்சடித்த வடசேரிக்காரர் வரவேற்புக் குழுவில் இருந்தார்.

எனக்கு ஒதுக்கிய வேலை மணி.
எட்டாம் நிமிடம் ஒரு தட்டு,
பத்தாம் நிமிடம் இரண்டு.
சாளையின் துடுப்பில் எடுத்த செல்களை
கைக்குட்டை அகலத்துக்கு வளர்த்த முட்டத்துக்காரரையும்
பத்தாயிரம் லிட்டர் கனவோடு வந்த கம்பெனி ஆட்களையும்
காலையிலிருந்து ஒரே ஓசையில் இறக்கிவிட்டேன்.

பதினொன்றாவதாக ஏறினாள் பெனிற்றா. குளச்சல்.
புளித்த அக்கானியில் பிரித்த ஈஸ்ட்.
மூன்று தட்டு, தட்டுக்கு இருபத்துநாலு குழி,
குழிக்கு இரண்டு மில்லி.
ஒரு ரசவடை அதைவிட அதிகம் குடிக்கும்.

திரையில் மூன்று கோடுகள்
அடியில் கொஞ்சம் தயங்கி
பிறகு திளாப்பு போட்ட கால்களாய் ஏறின.

முன்வரிசையில் டாக்டர் நேசய்யன் எழுந்தார்.
“பதினான்காம் மணியில்
மூன்றாவது தட்டு மட்டும் ஏன் நிற்கிறது?”

“மழை ஸார். கரண்டு போச்சு. ஷேக்கர் நின்னுட்டு.”

“மூன்றும் ஒரே ஷேக்கர்தானே?”

“ஆமா ஸார். கையில எடுத்து ஆட்டினேன்,
நாப்பது நிமிஷம்.
கை ரெண்டுதான்.”

சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி
அவர் முதுகுவரை வந்து நின்றது.

“கைக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று?”
கேலி இல்லை. பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள்,
வேறு யாரோ எழுதிய கட்டுரையைப் பார்ப்பதுபோல.
பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு
இல்லாத இரண்டு தட்டுகளை
ஆட்டத் தொடங்கினாள்,
சிந்தாமல்,
மணிக்கட்டு மட்டும் அசைய.
நேசய்யன் வாட்சைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினார்.
மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது.
இரண்டு தட்டு தட்டினேன். என் வேலை அது.
எந்த எண்ணில் நின்றாரோ தெரியாது.

சாயங்காலம் குளச்சல் பஸ்.
எனக்கு இரண்டு சீட்டு முன்னால், ஜன்னலோரம் அவள்.
மடியில் தெர்மாகோல் பெட்டி,
அதன்மேல் இரண்டு கையும்.
திங்கள்சந்தை தாண்டியதும்
ரோட்டில் குழிகள் தொடங்கின.
பஸ் குலுங்கியது, விட்டு, மறுபடி குலுங்கியது.
அவள் கைகளை எடுத்து
துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.