பின்வீச்சு

முதலில் கடலே வேண்டாம்.
கார் நிறுத்துமிடம் போதும்.
ஞாயிறு காலை, தொடர்மாடியின் கீழே,
முள் இல்லாத நூல் நுனியில்
ஒரு துண்டு மஞ்சள் கம்பளி.
பல்கனியில் உடுப்புக் காயப்போட்டபடி
ஃபஸ்லியா மிஸ் கேட்டா:
"நுளம்பா விரட்டுறீங்க, சுகிர்தா?"
ஓம் என்றேன்.
விளக்கப்போனால் மத்தியானம் ஆகிவிடும்.

மற்றத் தூண்டிலில் கனம் ஈயத்தில் இருக்கும்,
இதில் நூலில்.
ஈ என்பது சுத்தப் பொய்:
கொஞ்சம் கோழி இறகு,
தங்கச்சியின் சேலைத் தலைப்பில் உருவிய
இரண்டு ஜரிகை இழை
(அவளிடம் இன்னும் சொல்லவில்லை).
அந்தப் பொய்யை நாற்பது அடிக்கு அப்பால்
சத்தமில்லாமல் இறக்கத் தெரிந்தால்
பாதி வேலை முடிந்தது.

தடியைப் பின்னே கொண்டுபோய்
நிறுத்து.
அதுதான் கஷ்டம்.
சம்பளப் பகுதியில் பதினேழு வருடம்
நிறுத்தாமல் தட்டிய கை இது.
நூல் முதுகுக்குப் பின்னால் முழுதாய் நீளும்வரை
ஒரு மூச்சு பொறு, பிறகு முன்னே.
பொறுக்காவிட்டால் சாட்டைபோல் வெடிக்கும்,
ஈயும் போய்விடும்.
இடக்கையால் நூலை வெடுக்கென்று இழு, விடு;
காற்றை அறுக்க வேறு கத்தி இல்லை.
கண்ணாடி போடு.
முள்ளின் எதிர்நாக்கைக் குறட்டால் நசுக்கு.
முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனை.

இவ்வளவும் பாடமாக்கிக்கொண்டு
சித்திரை முடிகிற ஒரு செவ்வாய்
வெள்ளவத்தைக் கற்களில் இறங்கினேன்.
கால்வாய் கடலுக்குள் விழும் இடத்தில்
பழுப்பும் பச்சையும் உரசும் கோட்டில்
பொடிமீன்கள் சிதறின.
கீழே பாரை நிற்கிறது.
சோளகம் நேரே முகத்தில்.
வீசினேன், காலடியில் விழுந்தது.
நூலைக் கூட்டிக்கொண்டு
மறுபடி பின்னால் எடுத்தேன்,
அப்போது பிடித்தது.

என்ன பிடி!
ரீல் அலறியது. தடி
பம்பலப்பிட்டிப் பக்கம் வளைந்தது.
வீச்சு நூல் போனது, அடிநூல் போனது,
ஆள்காட்டி விரலில் தோல் போனது.
கடலோ முன்னால் சும்மா கிடந்தது.
திரும்பினால்
ஆறு இருபது கோச்சி,
கோட்டைக்கு, வாசலெல்லாம் ஆள் தொங்க.

பிரேக்கை இறுக்கவா, தளர்த்தவா?
மீனுக்குத்தான் படித்திருந்தேன்.
கடைசி முடிச்சு தானே முடிவெடுத்தது.
நல்ல வேளை,
அதை நனைக்க மறந்திருந்தேன்.

நடுங்கும் கையால் இன்னொரு ஈ கட்டினேன்.
இந்த முறை நிஜமாகவே பாரை,
உள்ளங்கை அகலம், வெள்ளி,
வாயைத் திறந்து கவ்வியதைக் கண்ணால் கண்டேன்.
மகிழ்ச்சியில் தடியைத் தூக்கிவிட்டேன்.
தூக்கக் கூடாது;
தடியை நீர்ப்பக்கம் தாழ்த்தி, நூலை இழுக்க வேண்டும்.
அது ஈயைத் துப்பிவிட்டு
என்னை ஒருமுறை பார்த்துப் போனதாக ஞாபகம்.

வீட்டில் தண்ணீர் வெட்டு.
உப்பு ஒரு இரவுக்குள் ரீலைத் தின்றுவிடும்.
தேநீருக்கு வைத்த போத்தலில் கழுவினேன்.

வியாழன் போனேன், அதே கல்.
தண்டவாளம் சிணுங்கத் தொடங்கியதும்
தடியை இறக்கி நின்றேன்.
மூன்றாவது பெட்டி மிதிபலகையில் ஒரு பெடியன்,
சேர்ட் பையில் பேனைக்குப் பக்கத்தில்
ஏதோ ஜரிகை மினுங்கியது.
என்னைக் கண்டதும் அதைத் தொட்டுக் காட்டி
என்னவோ கத்தினான்.
சிரித்தானா, ஏசினானா,
கோச்சிச் சத்தத்தில் விளங்கவில்லை.