எண்பத்தொன்று தசம் நாலு

செருப்பைக் கழற்றினேன்,
கைப்பையைக் கதிரையில் வைத்தேன்,
கொண்டை ஊசியைக்கூட உருவினேன்.
தராசு இரங்கவில்லை.
எண்பத்தொன்று தசம் நாலு.
தாதி உரத்துத்தான் வாசித்தாள்.
வாங்கில் இருந்த அத்தனை பேரும்
கண்ணால் என்னை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு
இறக்கி வைத்தார்கள்.

ஆறு வருடம்.
மூட்டைக் காப்பாற்ற வந்த வெள்ளைக் குளிசை
முகத்தை ஊதிவிட்டது.
நிலவு முகம் என்று
கொப்பியில் எழுதினார் டொக்டர்.
கல்யாணத்துக்கு முன்
ஒருத்தரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

இரவு பதினொரு மணிக்கு
குசினியில் லைற் போடாமல்
மிஞ்சின புட்டை நின்றபடி தின்கிறது
நானில்லை, மருந்து என்று
இவரிடம் சொல்லிப் பார்த்தேன்.
"அப்ப மருந்துக்குக் கொஞ்சம் சொதியும் விடு."
சிரித்தேன்.
பிறகு என்ன செய்தேன் என்பது இங்கே தேவையில்லை.

என்.சி. வீதிப் பத்தர்
வீங்கின விரலிலிருந்து மோதிரத்தை அறுத்தெடுத்து
நிறுத்துப் பார்த்தார்.
"தேய்மானமே இல்லை, தங்கச்சி."
தாளில் மடித்துத் தந்தார்.
தேய்ந்ததெல்லாம் உள்ளுக்குத்தான்,
எலும்பும் எலும்பும் முட்டுகிற இடத்தில்.

நடவுங்கோ, என்கிறார் டொக்டர்.
நடந்து பார், என்கிறது வலது முழங்கால்.
இந்த இரண்டு பேருக்கும் நடுவில்
காணிப் பதிவகத்து மாடிப்படி பதினெட்டு.
ஒன்பதாவதில் நின்று
போனில் செய்தி வாசிக்கிற மாதிரி நடிப்பேன்.
நாட்டு நடப்பு எனக்கு அத்துப்படி.

கோணேசர் ஏற்றத்திலும் ஒருநாள்
பாதி வழியில் குந்திவிட்டேன்.
மான் ஒன்று வந்து கைப்பையை முகர்ந்தது.
அதற்கும் வயிறு ஊதிக் கிடந்தது.
பொலித்தீனாம், கடலைக்காரர் சொன்னார்.
நானும் அதுவும்
கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினோம்.

ஜெசீமாவுக்கும் இதே வருத்தம், பதினொரு வருடம்.
கிளினிக் நம்பர் எனக்கு அடுத்தது.
"தண்ணிக்குள்ள நடந்து பாருங்களன்,
நோ தெரியாது."

விடிய ஐந்தரை, டச்பே.
பழைய சுரிதாரோடு இரண்டு பேர்
நெஞ்சளவு கடலில்
முன்னுக்கு முப்பது எட்டு,
பின்னுக்கு முப்பது எட்டு.
வலை இழுக்க வந்தவர்கள்
என்ன துலைச்சிட்டியள் என்று கேட்டார்கள்.
"பத்துக் கிலோ," என்றாள் ஜெசீமா,
"இன்னும் துலையல்ல."

கடல் என்னை நிறுக்கவில்லை.
முழங்கால் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டது.
ஒற்றைக் காலில் நின்றேன்,
சும்மா, நிற்க முடிகிறதே என்று.
பச்சை வெளிச்சம் ஒன்று தொடையைச் சுற்றி அசைந்தது.
அது என் கால்தான்.
பள்ளிக்கூட பஸ்ஸைத் துரத்தின அதே கால்.

கரையேறுகையில்
எட்டுக்கு ஒரு கிலோவாக எல்லாம் திரும்பி வந்து
இடுப்பில், முட்டியில், கணுக்காலில் ஏறிக்கொண்டது.
ஈரச் சுரிதாரும் கூட.

ஒவ்வொரு நாளும் போனேன் என்று சொல்லமாட்டேன்.
வீக்கம் எழும்பின இரண்டு கிழமை
சீப்பைக்கூடப் பிடிக்க ஏலவில்லை.
ஜெசீமாவின் மகளுக்குச் சோதனை.
பிறகு மாரி.
கடல் கறுத்துக் குமுறி,
கரையில் நின்று பார்த்துவிட்டுத்
தேத்தண்ணி குடித்துத் திரும்பினோம்,
சீனியோடு.

இன்றைக்குக் கிளினிக்.
கடல் அடங்கி நாலு நாள்;
நேரே கரையிலிருந்து வந்தேன்.
எண்பத்தொன்று தசம் ஒன்று.
முந்நூறு கிராம்.
நாலு வெங்காயம் வருமா?
இந்த முறை அவள் மெல்லமாய் வாசித்தாள்,
எனக்குத்தான் ஒருத்தருக்கும் கேட்கவில்லையே என்றிருந்தது.

"உப்பைக் குறையுங்கோ அக்கா."
ஓம் என்றேன்.
காதுக்குப் பின்னால்
காலைக் கடல் இன்னும் பிசுபிசுத்தது.