மூன்றாம் கட்டுக்குச் சற்று மேலே

பெடலுக்குக் கூடு கிடைக்கவில்லை.
மாங்குளம் சந்தியில் வாங்கிய மீன்ரின்னைத்
தின்று, கழுவி, வெயிலில் கவிழ்த்தேன்.
மிதித்தால் நசுங்குமென்று
உள்ளே வேப்பங்கட்டை ஒன்று இறுக்கினேன்.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டும்
சூடேறினால் இன்னும் மக்கரல் மணக்கிறது.

சுற்று வேறு கிற்றார்க்காரருக்கென வரைந்தது.
பேஸைச் செருகினால்
குரல் வரும், வயிறு வராது.
வாசலில் நிற்கிற கப்பாசிற்றர் சிறிசு;
மெலிந்த சத்தம் நுழையும்,
தடித்த சத்தம் படியில் நின்று திரும்பிப் போகும்.
பத்து நானோவைக் கழற்றினேன்.
செத்த யூபிஎஸ் ஒன்றின் வயிற்றில்
நூறு நானோ கிடந்தது.
அன்றிரவு கூரைத் தகரத்தின் ஆணியெல்லாம்
ஒருமிக்க இருமின.
பக்கத்து வளவு குலவீரர்
யானை இறங்கிவிட்டதென்று
வெடி கொளுத்திப் போட்டார்.

ஒன்பது வோல்ற் பற்றறி நெருப்பு விலை.
அதற்கொரு சின்னக் களவு இருக்கிறது:
உள்ளே வருகிற துளைக்கு ஸ்டீரியோ ஜாக்.
நடு வளையத்தில் பற்றறியின் கறுப்பு வயர்.
சாதா வயரைச் செருக
வளையம் உடம்பைத் தொடும், உயிர் வரும்.
உருவினால் நித்திரை.
தனிச் சுவிச் வேண்டாம்,
மறதிக்காரிக்கு இதுவே போதும்.

உறுமல் மட்டும் போகவில்லை.
செக்கனுக்கு ஐம்பது தரம்
கரன்ற் தன்பாட்டில் பாடுகிறது,
தடித்த கம்பியில்
மூன்றாம் கட்டுக்குச் சற்று மேலே.
அதோடு சேர்த்துச் சுருதி கூட்டிவிடலாமோ
என்றுகூட யோசித்தேன்.

கொன்சலா வந்தாள். எங்கள் ட்ரம்ஸ்.
கிழமை நாட்களில் கண்ணிவெடி அகற்றுகிறாள்,
விடிய நாலரைக்கு வாகனம் வரும்.
ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடி
பனையீர்க்கால் வயரை நகர்த்தினாள்.
ஒரு விரல். நிறுத்தினாள்.
இன்னொரு விரல்.
“இஞ்சை.”

கறுப்பு வயர்களை நான்
கண்ட கண்ட இடத்தில் ரின்னோடு ஒட்டியிருந்தேன்.
“எல்லா எர்த்தும் ஒரு இடத்துக்கு வரவேணும்.
கவச வயர் ஒரு முனையில மட்டும் தொடட்டும்,
ரெண்டிலயும் தொட்டால்
சுத்திச் சுத்தித் தன்னோடயே கதைக்கும்.”
எங்கே படித்தாய் என்றேன்.
“எங்கட மெசினைக் கழட்டிப் பாத்தனான்.
சுப்பவைசருக்குச் சொல்லிப்போடாதை.”

ஞாயிறு, கிளிநொச்சியில் கலியாணம்.
மண்டபத்துப் பிளக்கில்
எர்த் துளை வெறும் துளை.
திரும்ப அதே உறுமல்.
ஒரு வயரை இழுத்து
வெளியே இரும்புக்கம்பி இறுக்கலாம் என்றேன்.
“எங்க இறுக்கப்போறாய்?”
கொன்சலா சிரிக்கவில்லை.
சரிகைச் சேலைகள் நடந்துபோன முற்றத்தை
கொஞ்ச நேரம் பார்த்தாள்,
வேலியோரப் புல்லை இன்னும் கொஞ்ச நேரம்.
பிறகு தண்ணீர்க் குழாயடியைக் காட்டினாள்.
“அங்க முந்தியே கிண்டியிருக்கினம்.”

நனைந்த மண்ணில் கம்பி இறங்கியது.
உறுமல் பாதியானது.
மீதிப் பாதியோடு தொடங்கினோம்.
மாப்பிள்ளை படியேற,
நான் பெடலை மிதிக்க,
கதிரைகளின் கால்கள் நடுங்க,
முன்வரிசைப் பிள்ளையொன்று
தாயின் கையை இழுத்துச் சொன்னது:
“அம்மா, மீன் மணக்குது.”