சுண்ணாம்புக் கணக்கு

ராக்வெரே மருத்துவமனை. ஜனவரி, காலை எட்டேகால்.
வெளியே இன்னும் விடியவில்லை.
எண்டெல் பிக்லாக், அறுபத்தேழு வயது,
குண்டா சிமெண்ட் ஆலையில் முப்பத்தோரு வருடம்.
பூட்ஸைக் கழற்றியவர்
காலுறையில் ஓட்டை இருப்பதற்கு
என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.
இரண்டு துடிப்புக்கு நடுவே
இதயம் சற்றே அசையாதிருக்கும் இடுக்கில்
இயந்திரம் படத்தைப் பறித்துக்கொள்கிறது.
விடலாம் என்கிறேன்.
அவர் பிடித்தே வைத்திருக்கிறார்.
தூசிக்குப் பழகிய ஆள்.

திரையில் சாம்பல் நிற இதயம்.
இடப்பக்கத் தமனியில் ஓர் அரிசி நீளத்துக்கு வெள்ளை,
வலப்பக்கத்தில் கைதவறிச் சிந்திய உப்பு.
பரப்பை வெளிச்சத்தால் பெருக்கி, எல்லாம் கூட்டி
கணினி சொல்கிறது:
நானூற்றுப் பன்னிரண்டு.

"ஆலைத் தூசிதானே?"
டாக்டர் சொல்வார் என்கிறேன்.
சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

தூசி இல்லை, எண்டெல்.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு
என்ற ஓரவஞ்சனை இங்கே கிடையாது.
வெண்ணெய் படிந்த அதே இடத்தில்தான் சுண்ணாம்பும்.
சுவருக்குள் கொழுப்பு புகுந்தது, புண்ணானது,
ஆறப் பார்த்தது, மறுபடி புண்ணானது.
சுருங்கி விரியப் பிறந்த தசைச் செல்கள்
யாரும் கேட்காமலே
எலும்பு கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டன.

"கல்நெஞ்சக்காரர் என்று
நாற்பது வருடமாய்ச் சொல்கிறேன்" என்றாள் ஹெல்வி,
நடைவழியில், படத்தைப் பார்த்து.
சிரித்தாள். பிறகு கைப்பையில் எதையோ
வெகுநேரம் தேடினாள்.

எண் கூடினால் ஆபத்து கூடும். அது உண்மை.
ஆனால் அடுத்த சூளையில் நின்ற வைனோவுக்கு
வந்த எண் வெறும் ஒன்பது.
ஜூன் மாதம், சைக்கிளில் ஏறும்போதே.
அபூர்வம் என்றார் டாக்டர் மெரிகே.
அபூர்வம்தான்.
காய்ந்த சுண்ணாம்புதான் படத்தில் விழும்.
ஈரம் விழாது.
வெடிப்பது பெரும்பாலும் ஈரம்.

மூன்று வருடம் கழித்து எண்டெல் மறுபடி வந்தார்.
இரவு தவறாமல் மாத்திரை,
புகையூட்டிய பன்றி இறைச்சி நிறுத்தியாயிற்று,
சிகரெட்டும்.
ஐந்நூற்று முப்பது.
"இதற்காகவா?" என்று மேசையைத் தட்டினார்.

மெரிகே நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்:
சில சமயம் மருந்தே எண்ணை ஏற்றும்.
கொழகொழவென்று இருந்ததை இறுக்கும்.
ஏறிய எண் முழுவதும் கெட்ட செய்தி அல்ல,
எவ்வளவு நல்லது என்று எனக்கும் தெரியாது.

எண்டெல் யோசித்தார்.
"கான்கிரீட் ஊற்றினால்
இருபத்தெட்டு நாள் விட வேண்டும்.
அதற்கு முன்னால் பாரம் ஏற்றக் கூடாது."
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.
கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறார்.
பாதியில் நிறுத்துகிறார்.
வலக்கை கோட்டுக்குள், இடது நெஞ்சின் மேல்.
நான் எழுந்துவிட்டேன்.
கதவுவரை போய்விட்டேன்.

சாவி.
உள்பையில் சாவியைத்தான் தேடியிருக்கிறார்.