கடைசிப் பத்தி

வீராசாமி கடைக்கு
ஞாயிறு பேப்பர் ஏழுதான் வரும்.

செம்பனை ஆலை எடைமேடையில்
லோரிக்கும் லோரிக்கும் நடுவே
எடைச்சீட்டுகளின் முதுகில் எழுதிய கதை
நாலாம் பக்கத்தில்.
என் பெயரோடு, நான் கொடுக்காத
கணவர் பெயரும்.

கடைசிப் பத்தியைக் காணோம்.
போன் போட்டேன்.
“இடமில்லம்மா” என்றார் ஆசிரியர்.
பக்கத்திலேயே
அரைப்பக்கத்துக்கு நகைக்கடை.
“அதோட, நம்ம பொண்ணுங்க
அப்படியெல்லாம் செய்வாங்களா?”

அப்படி என்ன செய்தாள்?
களைமருந்து டின்னை இறக்கி வைத்தாள்.
பேரட்டில், அத்தனை பேர் முன்னாலும்,
கிராணி தன்னை எங்கே தொட்டான் என்று
அவன் பெயரோடு சொன்னாள்.

ஏழு பேப்பரையும் வாங்கி
அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து
ஓரத்தில், கிடைத்த இடத்தில்,
பத்தியை ஏழு தடவை எழுதினேன்.
கை வலித்தது. ஏழாவதில்
ஒரு சொல் கூடிவிட்டது.
வீராசாமியிடமே திருப்பிக் கொடுத்தேன்:
வித்துக்குங்க.
காசு திருப்பித் தர மாட்டேன் என்றார்.

திங்கட்கிழமை, கோல கெட்டில் லோரிகள்
ஹாரன் அடித்துக் காத்திருக்க
மருந்தடிக்கும் கோசலா
என் சன்னலில் குனிந்தாள்.
கையில் நாலாய் மடித்த பேப்பர்.

“ ‘நடுங்கிக்கிட்டே’ சொன்னான்னு
போட்டிருக்கியே,
அத அடி.
நான் நடுங்கல.”